பாய் காரில் விழுந்த கோடு

கண்ணப்பனுக்குப் படகு தள்ளும் கோலைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கத் தெரியும். இருபது வருஷமாக அப்படித்தான் நடக்கிறான். பெண்டாட்டி பின்னாலிருந்து கூப்பிட்டால் கோலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது. 1977ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, பனைமேட்டுக்குப்பத்து ஐஸ் கொட்டகையைத் தாண்டி அவன் ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, "யோவ், பொட்டிச் சாவிய எங்க வச்ச?" என்று ராஜாத்தி கத்தினாள். அவன் முழு உடம்போடு திரும்பினான். பன்னிரண்டு அடிக் கோலும் அவனோடு திரும்பியது. கோலின் நுனியில் இருந்த இரும்புப் பூண், அங்கே நின்றிருந்த ஜமால் முகம்மதுவின் காரில், கதவில் தொடங்கிப் பின்பக்க மட்கார்டு வரைக்கும் ஒரு கோடு இழுத்துவிட்டது.

சாவி அவன் இடுப்பில்தான் இருந்தது. அதை அப்புறம் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கார் சாதாரணக் கார் என்றால் இந்தக் கதையே இல்லை. ஜமால் முகம்மது பழவேற்காட்டில் பழைய வியாபாரக் குடும்பம். சுற்றுவட்டாரத்துக் குப்பங்களில் இறால் வாங்கி மெட்ராசுக்கு அனுப்புகிற ஏஜெண்டு. இந்தத் தொழிலில் இருப்பவர் ஜீப் வைத்துக்கொள்ளலாம், வேன் வைத்துக்கொள்ளலாம். இவரோ சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் தன் அப்பா வாங்கிய எம்.ஜி. காரை வைத்திருந்தார். பாலாடை நிறம். தாழ்வான ரேஸ் வண்டி. இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரைக்குப் பதில் மடக்குகிற கித்தான். மணலில் சிக்கினால் நாலு பேர் தள்ள வேண்டும், அந்த நாலு பேரில் பாதி நாள் கண்ணப்பனும் இருப்பான். பெற்ற பிள்ளை தொட்டால்கூடக் கையில் உப்பு இருக்கிறதா என்று பார்க்கிறவர் பாய்.

கொட்டகைக்குள் இறால் நிறுத்துக்கொண்டிருந்த ஜமால் முகம்மது வெளியே வந்தார். குந்தி உட்கார்ந்து, கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார். ஒரு கூடையில் தலை கறுத்த இறால் மூன்று இருந்தால், மூன்றையும் பொறுக்கி மணலில் வீசிவிட்டு, கொண்டுவந்தவனின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுகிற மனுஷர் அவர். கண்ணப்பன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான்.

"வுடு கண்ணப்பா" என்றார் அவர். "உன்னச் சொல்லி இன்னா ஆவப்போவுது? இதெல்லாம் உனக்குப் புரியுற சமாச்சாரமா? மெட்ராசுல குடுத்துப் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தராசைப் பிடித்துக்கொண்டார். என்ன தங்கமான மனுஷர் என்று பெண்கள் எல்லாம் பேசிக்கொண்டார்கள். கண்ணப்பனுக்கு மட்டும் வயிறு பற்றி எரிந்தது. கெட்ட இறால் கொண்டுவருகிறவனுக்குக்கூடத் திட்டு கிடைக்கிறது. இவனைத் திட்டி என்ன பிரயோஜனம் என்று ஒருவர் முடிவு கட்டிவிட்டால், அப்புறம் மனுஷனுக்கு என்ன மரியாதை இருக்கிறது?

மானம் மட்டும் போயிருந்தால் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு மறந்திருப்பான். அன்று சாயங்காலமே நாட்டார் தனசேகர் ஆள் அனுப்பினார். நாட்டார் என்றால் குப்பத்துத் தலைவர். அவர் பேச்சுக்கு அந்தக் குப்பத்தில் மறுபேச்சு கிடையாது.

பனைமேட்டுக்குப்பத்துக்காரர்களுக்கு ஏரியில் வலை கட்டுகிற இடங்கள் பொது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். அப்படி விழுகிற முறைக்குப் பாடு என்று பெயர். பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற பாடு ஆடி வரைக்கும் செல்லும். இறால் அள்ளுகிற மாசங்கள் அவைதான். அந்தச் சீட்டில் பெயர் இல்லாதவன் நாலு மாசமும் அடுத்தவன் படகில் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

சீட்டுப் பானையில் பெயர் போட வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. எவன் வலையையாவது கிழித்தவன், அதைத் தன் கையாலேயே பின்னித் தந்திருக்க வேண்டும். காசு கொடுத்துத் தீர்க்க முடியாது. ஒரு முடிச்சுக்கூட வேறு கை போடக் கூடாது. பின்னி முடித்ததும் வலைக்காரன் குப்பத்தார் முன்னால் கையால் தடவிப் பார்த்து, "சேர்ந்தது" என்று சொல்ல வேண்டும். சொல்லும் வரைக்கும் பானையில் பெயர் கிடையாது. இதில் இன்னொரு கண்டிப்பும் இருந்தது. சீட்டைப் பற்றி வலைக்காரனிடம் மூச்சுவிடக் கூடாது. விட்டால் இரக்கப்பட்டு, சேராததையும் சேர்ந்தது என்று சொல்லிவிடுவான் அல்லவா? வலைக்காரன் சீட்டு விஷயம் தெரிந்த உள்ளூர்க்காரனாக இருந்தால், பின்னியதைக் கிழித்தவனுக்கு உறவு இல்லாத வேறு குப்பத்துக்குக் கொண்டுபோய் அங்கே தடவிப் பார்த்துச் சொல்லச் சொல்வார்கள். வெளியூர்க்காரனாக இருந்தால் சொல்லாமலே விட்டுவிடுவார்கள்.

"அது வலைக்கு நாட்டாரே. இது காரு" என்றான் கண்ணப்பன்.

"வலைன்னா இன்னா, காருன்னா இன்னா? ஒருத்தன் பொருள ஒடச்சா ஒடச்ச கைதான் சேக்கணும். முன்ன ரேடியோப் பொட்டிய ஒடச்சவன் மூணு நாளு அதும் முன்னால குந்திக்கினு இருந்தான், மறந்துட்டியா?"

"பாய்தான் வுடுன்னு சொல்லிட்டாரே."

"அது இன்னும் மோசம்" என்றார் நாட்டார். "வுடுன்னா இன்னா அர்த்தம்? உன்னைப் பின்னவே வுடலன்னு அர்த்தம். இன்னும் மூணு வாரம் கீது. போய் வேலையப் பாரு."

மறுநாள் காலை கண்ணப்பன் ஐஸ் கொட்டகைக்குப் போய், "பாய், அந்தக் கோட்ட நானே சரி பண்ணிக் குடுக்குறேன்" என்றான். ஜமால் முகம்மதுவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காருக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"நீயா? இன்னா, படகுக்கு ஊத்துற மாதிரி கீலு காச்சி ஊத்தப் போறியா? அதான் வுடுன்னு சொல்லிட்டனே!"

"நீங்க வுட்டா மட்டும் ஆவாது பாய்."

"ஏன் ஆவாது?"

அதைத்தான் சொல்லக் கூடாதே. கண்ணப்பன் வாயை மூடிக்கொண்டான். அடுத்த நாளும் போனான். அதற்கு அடுத்த நாளும் போனான். நாலாம் நாள் இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போய், "மோந்து பாருங்க பாய், மீன் வாடையே இல்ல" என்று நீட்டினான். இவனுக்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டதோ என்று பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டில் ராஜாத்தி வேறு பிடுங்கியெடுத்தாள். "பாய் ஊட்டம்மா பரக்கத் பீவிகிட்ட நான் போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன். நாலு மாசம் சோத்துக்கு இன்னா பண்றது? அந்தம்மாவுக்கு எரக்க கொணம் ஜாஸ்தி."

"வாயத் தொறந்தன்னா இன்னும் ஒரு வருசத்துக்கும் பேரு கெடையாது. உன்னாலதான்டி இவ்ளோவும். சாவி எங்கன்னு கேட்டியே, சாவி!"

"சாவிய இடுப்புல வச்சிக்கினு உன்ன யாரு திரும்பச் சொன்னாங்க?" என்றாள் ராஜாத்தி.

கடைசியில் அவனுக்கு வழி பிறந்தது பாயின் மனசு இளகியதால் இல்லை. மெட்ராஸ் புதுப்பேட்டையில் மாசிலாமணி என்கிற பெயிண்டரிடம் பாய் காரைக் காட்டினார். அந்தச் சந்திலேயே கைசுத்தமான வேலைக்காரர் மாசிலாமணி. வாய் மட்டும் சுத்தம் கிடையாது. கோட்டைப் பார்த்துவிட்டு, அடிப்பது ஒரு மணி நேர வேலை, தேய்ப்பதுதான் இரண்டு நாள் வேலை, தேய்க்கிற ஆள் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஊருக்கு ஓடிவிட்டான், அடுத்த மாசம் வாருங்கள் என்று கையை விரித்தார். அடுத்த மாசம் வரைக்கும் அந்தக் கோட்டோடு ஓட்ட ஜமால் முகம்மதுவுக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் தினமும் கை கழுவிக்கொண்டு வந்து நிற்கிறவன் ஞாபகம் அவருக்கு வந்தது.

சீட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, கண்ணப்பன் பஸ் பிடித்துப் புதுப்பேட்டைக்குப் போனான். காரில் பாய்க்குப் பக்கத்து இருக்கையில் இறால் சாம்பிள் பெட்டி உட்கார்ந்து வந்தது.

மாசிலாமணி அவனிடம் ஒரு வாளித் தண்ணீரும் நாலு வாட்டர் பேப்பரும் கொடுத்தார். தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். கோட்டை மட்டும் தேய்த்தால் பள்ளம் விழும், சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பரப்பித் தேய்த்தால்தான் விளிம்பு கைக்குத் தட்டாது என்றார். கண்ணப்பன் தேய்த்தான். மத்தியானம் பாய் வந்து பார்த்தபோது, ஒற்றைக் கோடு இருந்த இடத்தில் கதவு முழுக்கச் சாம்பல் திட்டாக இருந்தது. பாய் பக்கத்தில் கிடந்த டிரம்மின்மேல் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பாய், வேலைன்னா அப்படித்தான் இருக்கும். சமையல நடுவுல வந்து தொறந்து பாத்தா நல்லாவா இருக்கும்? டீ சாப்பிட்டு வாங்க" என்று மாசிலாமணி அவரை அனுப்பிவைத்தார்.

புதன்கிழமை பட்டி வைத்தார்கள். பள்ளத்தில் பசைபோலப் பூசிக் காயவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். பட்டியையும் கண்ணப்பனே வைத்தான். மாசிலாமணி பட்டி பூசுகிற தகட்டை வாங்கப் போனபோது கொடுக்க மாட்டேன் என்றுவிட்டான். தேய்ப்பதில் அவன் சுமார்தான். ஆனால் விடாமல் செய்தான், அலுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலத்துக்குள் அவன் விரல்நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

வியாழக்கிழமை வந்தது வினை. "டூக்கோ பெயிண்டையும் நான்தான் அடிக்கணும்" என்றான் கண்ணப்பன்.

மாசிலாமணி ஸ்பிரே கன்னை மார்போடு அணைத்துக்கொண்டார். "யோவ், பாய் ஒத்துக்கினாலும் நான் ஒத்துக்க மாட்டேன். இருவது வருச சர்வீஸ்யா இது."

"பழகிட்டு அடிக்கிறேன் அண்ணே. அந்தப் பழைய கதவக் குடு."

காலை முழுக்க ஒரு ஓட்டைக் கதவில் அடித்துப் பழகினான். கையை ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும், ஓரத்தில் நிறுத்தாமல் அப்படியே வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்று மாசிலாமணி பத்துத் தடவை சொன்னார். மத்தியானம் ஜமால் முகம்மது வந்தார். இரண்டு பேரும் தள்ளிப் போய்ப் பேசினார்கள். புதுப்பேட்டைக்காரர்களுக்கு ரகசியம் பேசத் தெரியாது, சுத்தியல் சத்தத்துக்கு மேலே பேசியே பழகிய தொண்டை. "அடிச்சுத் தொலையட்டும் பாய். வீம்பு புடிக்கிறான். அடுத்த மாசம் கொண்டாங்க, நான் சொரண்டிட்டு நல்லா அடிச்சுத் தரேன்" என்று மாசிலாமணி சொன்னதும், "சரி, வுடு" என்று பாய் சொன்னதும் கண்ணப்பன் காதில் தெளிவாக விழுந்தன.

மறுபடியும் அதே வார்த்தை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கன்னை வாங்கிக்கொண்டு, இவர்கள் இரண்டு பேரும் சுரண்டவே முடியாதபடி அடித்துக் காட்டுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டான்.

நன்றாகத்தான் அடித்தான். முதல் பூச்சு பழுதில்லை. இரண்டாவதுக்கும் குறை சொல்ல முடியாது. மூன்றாவது பூச்சில், மட்கார்டின் ஓரத்துக்கு வந்ததும் கை தானாக ஒரு நொடி நின்றுவிட்டது. வலை பின்னும்போது வரிசை முடிகிற இடத்தில் கையை நிறுத்தி முடிச்சை இழுத்து இறுக்க வேண்டும். இருபது வருஷமாக அந்தக் கைக்கு அதுதான் பழக்கம். வரிசை முடிந்தது, கை நின்றது, கன் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. பெயிண்ட் திரண்டு, ஒரு துவரம்பருப்பு அளவுக்கு ஒழுகி, அப்படியே உறைந்துவிட்டது.

மாசிலாமணி பார்த்தாரோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை. எப்படியும் சுரண்டப் போகிறவர்தானே. பாலிஷ் போட்ட பிறகு கண்ணுக்கு அது சட்டென்று தெரியவில்லை. கண்ணப்பன் விரலால் தொட்டுப் பார்த்தான். தட்டியது. சொன்னால் மறுபடி தேய்க்க வேண்டும், மறுபடி அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாசிலாமணிக்கு வேறு வண்டி, சனிக்கிழமையும் அப்படியே, ஞாயிற்றுக்கிழமை சீட்டு. கண்ணப்பன் சொல்லவில்லை. பஸ்ஸில் பொன்னேரி வரைக்கும் அந்த விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குப்பத்தார் எல்லோரும் ஐஸ் கொட்டகை முன்னால் கூடினார்கள். சீட்டுப் பானை ஸ்டூலின்மேல் இருந்தது. கண்ணப்பன் பெயர் எழுதிய சீட்டு மட்டும் பானைக்கு வெளியே, நாட்டாரின் கையில். குப்பத்தில் ஏதோ கூட்டம், காரோடு வர வேண்டும் என்று மட்டும் பாய்க்குச் சொல்லியிருந்தார்கள். சந்தனப் பொட்டு வைத்துவிடப் போகிறார்களோ என்கிற பயத்தோடு வந்து இறங்கினார்.

"பாய், கண்ணப்பன் ஒடச்சத கண்ணப்பன் சேத்துட்டானா? பாத்துச் சொல்லுங்க" என்றார் நாட்டார்.

"சேந்துடுச்சு, சேந்துடுச்சு. நல்லாவே கீது" என்றார் ஜமால் முகம்மது, காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ராஜாத்தி மாரியம்மனுக்குக் கும்பிடு போட்டாள்.

"அப்படி இல்ல பாய். கையால தடவிப் பாத்துச் சொல்லணும். அதான் எங்க வழக்கம்."

பாய் சலிப்போடு குனிந்து கதவில் கையை வைத்தார். உள்ளங்கை மெதுவாகப் பின்பக்கம் நகர்ந்தது. பாதி தூரம் போனதும் அவருடைய புருவம் உயர்ந்தது. வேலை இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்தார். இப்போது விரல்நுனியால் தடவினார், தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இறால் பொறுக்குகிற அதே விரல்கள். கண்ணப்பன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மட்கார்டின் ஓரத்தில் அவை நின்றன. பின்னால் போயின. திரும்ப வந்து அங்கேயே நின்றன.

"இன்னாடா இது?" என்றார் ஜமால் முகம்மது.

நாட்டாரும் குனிந்து பார்த்தார்.

"கண்ணப்பா, இங்க வா. கைய வச்சுப் பாரு. தட்டுதா இல்லியா? அங்கேர்ந்து இதுவரைக்கும் தண்ணி மாதிரி வந்துட்டு, முடியுற எடத்துல எவனாச்சும் கைய நிறுத்துவானா? மாசிலாமணி உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லல? இவ்ளோ வேலை செஞ்சவனுக்கு இந்த ஒரு வெரக்கட பொறுக்க முடியலியா? கையில புத்தி வேணாம்? ஒழுவினது தெரிஞ்சும் பாலிஷ் போட்டு மூடியிருக்க, திருட்டுப் பயலே! சேரல. இது சேரவே இல்ல."

நாட்டார் தலையை ஆட்டினார். "சேரல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை சொல்லிவிட்டு, கையில் இருந்த சீட்டைக் கிழித்து மணலில் போட்டார்.

"அய்யோ பாவி மனுசா!" என்று ராஜாத்தி பாயைப் பார்த்து அலறினாள். இனிமேல் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? "உன் ஒரு வார்த்தையில நாலு மாசம் எங்க வயித்துல மண்ணு. சேந்துச்சுன்னு நீ சொன்னாத்தான் அவருக்குப் பாடு. ஒரு பருப்பு அளவு பெயிண்டுக்கு இந்தப் பேச்சா?"

ஜமால் முகம்மது எழுந்து நின்றார். நாட்டாரைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், மணலில் கிடந்த காகிதத் துண்டுகளைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் முகம் வெளிறிப் போயிற்று.

"எனக்கு யாரும் சொல்லலியே. நாட்டாரே, சேந்துடுச்சுன்னு வச்சிக்கோங்க. சத்தியமா ஒண்ணுமில்ல அது. என் காரு, நான் சொல்றேன், சேந்துடுச்சு. வேற சீட்டு எழுதுங்க."

நாட்டார் கண்ணப்பனைப் பார்த்தார். குப்பமே கண்ணப்பனைப் பார்த்தது. ராஜாத்தி கண்ணாலேயே கெஞ்சினாள். நாலு மாசக் கூலிப் பிழைப்பு என்ன என்பது அவனுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அப்படித்தான் இருந்தான். மறுபடியும் அடுத்தவன் படகு, அடுத்தவன் வலை, அடுத்தவன் கொடுக்கிற பங்கு. ஒரு தலையசைப்பு போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் திட்டு இன்னும் காதில் சூடாக இருந்தது. மூன்று வாரமாக வயிற்றில் எரிந்துகொண்டிருந்த ஒன்று, அந்தத் திட்டு விழுந்த நொடியில் அணைந்துவிட்டதை அவன் உணர்ந்தான். அதைத் திரும்ப மூட்டிக்கொள்ள அவனுக்கு மனசு இல்லை.

"வேணாம் பாய்" என்றான். "நீங்க கையால பாத்துச் சொன்னதுதான் நெசம். அது சேரல. எனக்கு வியாழக்கெழமையே தெரியும்."

ராஜாத்தி தலையில் அடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போய்விட்டாள். நாட்டார் பானையைக் குலுக்கினார். முப்பத்தியொரு பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கூச்சல், ஒரு சிரிப்பு. பாயும் கண்ணப்பனும் காருக்குப் பக்கத்தில் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் பாய் வாயைத் திறந்தார். "தேச்சா போயிடுமா அது?"

"போயிடும் பாய். நல்லாக் காயட்டும். அறுநூறாம் நம்பர் பேப்பர் போட்டு அந்த எடத்த மட்டும் தேச்சி, இன்னொரு பூச்சு அடிச்சாப் போதும்."

"யாரு அடிக்கிறது?"

"நான்தான்."

ஜமால் முகம்மது குனிந்து மட்கார்டின் ஓரத்தை இன்னொரு தரம் தடவினார். மாசிலாமணியின் பெயரை அவர் எடுக்கவில்லை.

"செவ்வாய்க்கெழமை வா. இந்தத் தபா நான் எங்கியும் டீ குடிக்கப் போக மாட்டேன், பக்கத்துலயே நிப்பேன். கை நின்னுச்சு, அங்கியே திட்டுவேன்."

"திட்டுங்க பாய்" என்றான் கண்ணப்பன்.